ஷீட் அறை

வேர்கிளம்பியில் எங்கள் வீட்டுக்கு
வெள்ளை அடித்தாயிற்று, முன்பக்கம் மட்டும்.
நட்சத்திரம் தூக்கியாயிற்று.
வருகிறவர்களோடு சேர்த்துப் பத்தொன்பது பேர்.
ஹாலும் ஒரு படுக்கையறையும் நமக்கு.
இன்னோர் அறை உண்டு,
அதில் ரப்பர் ஷீட் குடியிருக்கிறது.

பிப்ரவரியிலிருந்து குடியிருக்கிறது,
கிலோ இருநூறு தொட்டால்தான் கொடுப்பேன் என்று
ரசல்ராஜ் சொன்ன நாளிலிருந்து.
நூற்றெழுபதில் ஒருதடவை,
நூற்றெண்பத்தாறில் ஒருதடவை
வியாபாரி வாசல்வரை வந்து போனார்.
ஷீட் முதலில் முட்டுயரம் நின்றது,
பிறகு ஜன்னல் வரை.
இப்போது அந்த ஜன்னலைத் திறந்தால்
காற்று வெளியில்தான் நிற்கிறது.

தையல் டேப்பை எடுத்துத் தரையை அளந்தேன்.
ஆளுக்கு மூன்றடி,
பிள்ளைகளுக்கு ஒன்றரை.
மோகனதாஸ் அத்தானுக்கு நான்கு;
கையை விரித்துத் தூங்குகிற மனிதர்.
பிளாரன்ஸ் மைனி சுவரோரம்,
குறட்டைக்கு ஒருபக்கமாவது எல்லை வேண்டும்.
அம்பத்தூர்க்காரர்களுக்குக் கட்டில்,
கட்டிலுக்கடியில் அவர்கள் பெட்டி,
பெட்டிக்குள் போன வருடத்தைப் போலவே
நான் உடுக்காத நிறத்தில் ஒரு சேலை.

டைனிங் டேபிளைப் பிலாமூட்டில் கவிழ்த்தோம்.
நாலு காலும் வானம் பார்த்தபடி
கோழி ஏறி நிற்கிறது.
தையல் மெஷின் சுபைதா வீட்டுக்குப் போனது.
பீரோ நகரவில்லை.
கல்யாணத்துக்கு வந்த நாளிலிருந்தே
அது யார் சொல்லும் கேட்டதில்லை.

எப்படிக் கூட்டினாலும் பதினாறு.
மூன்று பேர் மிச்சம்.
அதில் இரண்டு நானும் அவரும்,
எங்களைக் கணக்கில் எடுப்பதில்லை.
ஆக ஒருவர்.

அந்த ஒருவருக்கான மூலையில்தான்
அபினேஷ் குடில் கட்டியிருந்தான்.
நாலடிக்கு மூன்றடி.
மரத்தூளில் பாதை,
கண்ணாடித் துண்டில் குளம்,
குளத்தில் பிளாஸ்டிக் வாத்து,
கரையில் தண்ணீர் குடிக்க வந்த டைனோசர்.

"இந்த வருஷம் குடில் வேண்டாம் மக்களே."

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
இடையனை எடுத்து நிக்கர் பைக்குள் போட்டான்.
பிறகு ஓர் ஆடு.
பிறகு இன்னோர் ஆடு.
பை நிறைந்ததும் மறுபையில் ஒட்டகம்.

ரசல்ராஜ் ஷீட் அறை வாசலில் போய் நின்றார்.
"வித்திரட்டா?" என்றார்.
பசுவின் கழுத்தைத் தடவுவதுபோல்
மேல் ஷீட்டைத் தடவினார்.
"இன்னைக்கு நூத்தி எழுபத்தொன்பது."
பத்து மாதம் காத்திருந்தவரிடம்
விற்றுவிடுங்கள் என்று சொல்ல
என் நாக்கு எழும்பவில்லை.

பெத்லகேம் மலைமேல் இருக்கிற ஊர்தானே
என்று மட்டும் கேட்டேன்.
அவருக்குப் புரியவில்லை.
பையனுக்குப் புரிந்தது.

ராத்திரி பதினொன்று வரை சுமந்தோம்.
அதே மூலை, அதே நாலடிக்கு மூன்றடி,
ஷீட்டின்மேல் ஷீட் மிதித்து அடுக்கினோம்.
பழைய பச்சைப் பாவாடையால் மூடி
அதன்மேல் புல்,
புல்லின்மேல் பாதை வளைந்து வளைந்து ஏறிற்று.
நெஞ்சுயரத்தில் தொழுவம்.
அடிவாரத்தில் டைனோசர்.
காலியான அறையைக் கழுவிவிட்டு
ஜன்னலைத் திறந்தேன்.
மூன்று பாய் விரிந்தது.

இருபத்துமூன்று மதியம் எல்லாரும் வந்தார்கள்.
பிளாரன்ஸ் மைனி மூக்கைப் பொத்தி
"எளவு, என்ன நாத்தம்" என்றாள்,
குடிலைப் பார்த்ததும் அதே கையால் சிலுவை போட்டாள்.
இந்த வருடம் பெத்லகேமில்
புகையும் புளித்த பாலும் மணக்கும்.
பாலகனை நாளை ராத்திரிதான் வைப்போம்.
அதுவரை வீட்டில் ஆள் படுக்காத இடம்
அந்த வைக்கோல் ஒன்றுதான்,
என் உள்ளங்கை அளவு.

கேஸ் சிலிண்டருக்கும்
முந்திரிக்கொத்துத் தகரத்துக்கும் நடுவே
நானும் அவரும் படுத்திருக்கிறோம்.
ஹாலில் குறட்டை சுவரில் மோதித் திரும்புகிறது.

"தூங்கிட்டியா?"
"ம்."
"நூத்தி எண்பத்திநாலாம்."
"பேசாம திரும்பிப் படுங்க."

இடமிருந்தால்
திரும்பியிருப்பார்.